மிச்சம் சிறுநீரில் போய்விடுமா? சத்து மாத்திரைகளும் கட்டியைத் தேடும் பரிசோதனைகளும்

சேலத்தில் ஏதாவது ஒரு மருந்துக்கடை முன்னால் மாலை நேரத்தில் சற்று நின்றால் போதும். "முடி கொட்டுதுங்க, நல்ல மாத்திரையா ஒண்ணு குடுங்க", "அசதியா இருக்குதுங்க, சத்து மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். மருத்துவர் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "வைட்டமின்தானே? உடம்புக்கு வேண்டியதை எடுத்துக்கும், மிச்சம் மூத்திரத்துல போயிடும்."

அது பாதி சரி. நீரில் கரையும் பல சத்துகளின் உபரி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. ஆனால் சில வகைக் கட்டிகளின் தடயத்தை மருத்துவர் தேடுவதும் அதே சிறுநீரில்தான். மிச்சம் போய்ச் சேரும் இடமும் தேடும் இடமும் ஒன்றாக இருப்பதால் இல்லாத கட்டி இருப்பதுபோல் முடிவு வரலாம். இருக்கும் கட்டியின் முதல் அறிகுறி மறைந்தும் போகலாம்.

இதற்கு நேரெதிரான ஒரு பேச்சும் உண்டு. "சத்து மாத்திரை சாப்பிட்டா டெஸ்ட்ல கேன்சர்னு வந்துடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ரத்த அழுத்த மாத்திரை வரை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பரிசோதனைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தவறு. இந்தக் கட்டுரையில் வரும் மாத்திரைகள் கட்டியை உண்டாக்குகின்றன என்று நான் சொல்லவில்லை. கட்டியைத் தேடும் அளவீட்டை அவை குழப்பக்கூடும் என்பதுதான் விஷயம். எல்லா மாத்திரையும் குழப்புவதில்லை, எல்லாப் பரிசோதனையும் குழம்புவதில்லை.

பரிசோதனை எதைப் பார்க்கிறது?

ஸ்கேன் கட்டியைப் படமாகக் காட்டும். சிறுநீர்ப் பரிசோதனைக்குக் கட்டி தெரியாது. கட்டி செய்யும் வேலையின் கழிவுதான் தெரியும்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் சாயப்பட்டறை இருக்கும் ஒரு தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் போக முடியாது, வெளியே ஓடும் சாக்கடையை மட்டும் பார்க்கலாம். தண்ணீர் நீலமாக வந்தால் உள்ளே நீலச் சாயம் போடுகிறார்கள் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் தப்பாவதற்கு மூன்று வழிகள் உண்டு. மேல்வீட்டில் யாரோ சொட்டுநீலக் கரைசலைச் சாக்கடையில் கொட்டியிருக்கலாம். பட்டறையில் வழக்கமான வேலைதான், ஆனால் பண்டிகை ஆர்டருக்காக இரண்டு ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கலாம். அல்லது யாரோ பிளீச்சிங் பவுடரைத் தூவியதால், உள்ளே சாயம் போட்டுக்கொண்டிருந்தும் வெளியே தண்ணீர் தெளிவாக வரலாம்.

சத்து மாத்திரைகளும் இந்த மூன்று வழிகளில்தான் பரிசோதனையைக் குழப்புகின்றன: கட்டி விடும் அதே கழிவாகத் தாங்களும் மாறுவது, உடலை வழக்கத்தைவிட அதிகம் சுரக்க வைப்பது, அளக்கும் வேதிவினையையே கெடுப்பது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வழி: மாத்திரையே அதே கழிவாக மாறுவது

2018-இல் நடிகர் இர்ஃபான் கான் தனக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக அறிவித்தபோதுதான் நம்மில் பலர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டோம். நரம்பின் சைகையை வாங்கி ஹார்மோன் சுரக்கும் செல்கள் உடலெங்கும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் உருவாகும் கட்டிதான் இது. இந்தக் குடும்பத்தில் குடலிலும் நுரையீரலிலும் அதிகம் தோன்றும் ஒரு வகையைக் கார்சினாய்டு என்பார்கள். அவற்றில் சில, செரட்டோனினை அளவுக்கு மீறிச் சுரக்கும். முகம் திடீரென்று சிவந்து சூடாவது, ஓயாத வயிற்றுப்போக்கு, மூச்சிரைப்பு ஆகியவை அதனால் வரும் தொல்லைகள்.

செரட்டோனின் என்றதும் மூளை நினைவுக்கு வரும். ஆனால் உடலில் உள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 சதவீதம் குடலில்தான் இருக்கிறது. அது உருவாகும் பாதை எளிது. பருப்பு, பால், முட்டையில் இருக்கும் ட்ரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் முதலில் 5-எச்.டி.பி. என்ற பொருளாகிறது. 5-எச்.டி.பி. செரட்டோனினாகிறது. வேலை முடிந்த செரட்டோனின் உடைந்து 5-எச்.ஐ.ஏ.ஏ. என்ற கழிவாகிச் சிறுநீரில் போகிறது. ஒரு நாள் முழுவதும் சேர்த்த சிறுநீரில் இந்தக் கழிவு எவ்வளவு என்று அளப்பதுதான் பரிசோதனை. ஆரோக்கியமானவருக்கு ஒரு நாளில் சுமார் 2 முதல் 8 மில்லிகிராம் வரை இருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் எல்லை கொஞ்சம் மாறும். செரட்டோனின் சுரக்கும் கட்டி இருந்தால் இது பல மடங்கு ஏறும்.

இப்போது மாத்திரைக்கு வருவோம். தூக்கத்துக்கும் மன உற்சாகத்துக்கும் என்று சொல்லி இணையக் கடைகளில் 5-எச்.டி.பி. மாத்திரையே விற்கிறார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் வளரும் கிரிஃபோனியா என்ற கொடியின் விதையிலிருந்து எடுப்பதால் டப்பா மேல் "இயற்கையானது" என்று பெரிதாக இருக்கும். ஒரு மாத்திரையில் 50 அல்லது 100 மில்லிகிராம் இருப்பது சாதாரணம். மேலே சொன்ன பாதையில் இது பாதிவழியில் ஏறிக்கொள்கிறது. செரட்டோனினாகி, பிறகு 5-எச்.ஐ.ஏ.ஏ. ஆகிச் சிறுநீருக்கு வந்துவிடும். இயல்பான நாளில் 8 மில்லிகிராமைத் தாண்டாத கழிவைத் தேடும் இடத்தில் 100 மில்லிகிராம் மூலப்பொருளை உள்ளே விட்டால் முடிவு என்னவாகும்? கட்டி இருப்பவரின் முடிவைப் போலவே வரும். இப்படி முடிவு ஏறியவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. கழிவு மட்டும் ஏறியிருக்க, ரத்தத்தில் பார்க்கும் குரோமோகிரானின்-ஏ என்ற இன்னொரு அடையாளம் ஏறவில்லை என்பதும் அவற்றில் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் கழிவும் இறங்கிவிடும்.

(குரோமோகிரானினை நம்பிவிடலாம் என்றால் அதற்கும் ஒரு எதிரி நம் ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் போன்ற "கேஸ் மாத்திரை"கள்தான். நாள் தவறாமல் அவற்றைச் சாப்பிடுபவர்களுக்குக் குரோமோகிரானின் கட்டி இல்லாமலே ஏறும்.)

உணவும் இதே வேலையைச் செய்யும் என்பதால் இந்தப் பரிசோதனைக்கு முன் இரண்டு மூன்று நாள் பத்தியம் சொல்வார்கள். செரட்டோனின் நிறைந்த வாழைப்பழம், அன்னாசி, அக்ரூட், தக்காளி, கத்தரிக்காய், வெண்ணெய்ப்பழம் ஆகியவை கூடாது. ஏற்காட்டுக்காரர்களுக்கு இது ரொம்பச் சங்கடமான பட்டியல். சேர்வராயன் மலையில் தோட்டத்துக்குத் தோட்டம் நிற்கும் பட்டர் ஃப்ரூட் மரத்தின் பழம்தான் அந்த வெண்ணெய்ப்பழம். அன்னாசியும் வாழையும் மலைப்பாதைக் கடைகளில் எப்போதும் தொங்கும். வாழைப்பழம் சாப்பிட்டால் முடிவு கொஞ்சம் ஏறும், 5-எச்.டி.பி. மாத்திரை சாப்பிட்டால் எக்கச்சக்கமாக ஏறும். விசித்திரம் என்னவென்றால் பழப் பட்டியலைத் தாளில் அடித்துக் கொடுக்கிறார்கள், "சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா" என்ற கேள்வி பல தாள்களில் இருப்பதில்லை.

இதே வழியில் வரும் இன்னொரு ஆள், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பூனைக்காலி விதைப் பொடி. ஆண்மைக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் என்று வாங்குவார்கள். அந்த விதையில் இயல்பாகவே லெவோடோபா இருக்கிறது. பார்க்கின்சன் நோய்க்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கும் அதே மருந்துப்பொருள். அது உடலில் டோபமினாக மாறும். டோபமினையும் அதன் கழிவுகளையும் சிறுநீரில் அளந்து தேடும் கட்டிகள் உண்டு. பொடி சாப்பிட்டவரின் சிறுநீரில் அந்த அளவுகள் கட்டி இல்லாமலே உயரும்.

இதுவரை பார்த்தது: பரிசோதனை கழிவைத்தான் அளக்கிறது. அந்தக் கழிவு கட்டியிலிருந்து வந்ததா, டப்பாவிலிருந்து வந்ததா என்று அதற்குத் தெரியாது.

இரண்டாம் வழி: உடலை அதிகம் சுரக்க வைப்பது

சிறுநீரகத்தின் தலைப்பக்கம் தொப்பி மாதிரி உட்கார்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. பயம், கோபம், ஓட்டம் என்று எது வந்தாலும் அட்ரினலினையும் அதன் சகோதர ஹார்மோன்களையும் இது ரத்தத்தில் விடும். இந்தச் சுரப்பியின் உள்பகுதியில் அரிதாக வரும் கட்டி ஃபியோகுரோமோசைட்டோமா. திடீர் தலைவலி, வியர்வை, படபடப்பு, கூடவே எகிறும் ரத்த அழுத்தம் ஆகியவை அதன் அடையாளங்கள். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் உடைந்து வரும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளை 24 மணி நேரச் சிறுநீரில் அளந்து இதைத் தேடுவார்கள்.

இங்கே மாத்திரை அதே கழிவாக மாற வேண்டியதில்லை, சுரப்பியைத் தூண்டிவிட்டால் போதும். ஜிம் பக்கம் விற்கும் "கொழுப்புக் கரைப்பான்" மாத்திரைகளிலும் உடற்பயிற்சிக்கு முன் குடிக்கும் பொடிகளிலும் காஃபீன் தாராளமாக இருக்கும். சளி மாத்திரையில் வரும் சூடோஎஃபெட்ரினும் அட்ரினலினின் உறவுக்காரர். இவை அந்த ஹார்மோன்களின் அளவைச் சற்றே தூக்கிவிடலாம். காப்பித் தோட்டத்துக்கு நடுவில் குடியிருப்பவரிடம் "ரெண்டு நாள் காப்பி குடிக்காதீங்க" என்று சொல்வது கொடுமைதான், ஆனால் பல ஆய்வகங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

ஒரு ஆறுதல் உண்டு. உண்மையான கட்டி இருந்தால் மெட்டாநெஃப்ரின் பெரும்பாலும் இயல்பு எல்லையைப் போல மூன்று நான்கு மடங்கு தாண்டிவிடும். எல்லையைக் கொஞ்சம் தாண்டி நிற்கும் முடிவுகளில் பெரும்பாலானவை கட்டியால் வருவதில்லை. மருந்து, காப்பி, மன அழுத்தம், படுக்கையில் தள்ளும் வேறு நோய் என்று எத்தனையோ காரணம் இருக்கும். அதனால்தான் நல்ல மருத்துவர் லேசாக ஏறிய முடிவைப் பார்த்ததும் ஸ்கேனுக்கு ஓடச் சொல்லாமல், "வேற என்னென்ன சாப்பிடறீங்க?" என்று முதலில் கேட்பார். கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம்.

மூன்றாம் வழி: அளவீட்டையே கெடுப்பது

என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் மோசம். முதல் இரண்டு வழிகளில் இல்லாத கட்டியைத் தேடி அலைவோம். பணமும் தூக்கமும் போகும், கடைசியில் ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடும். இங்கே இருப்பதே தெரியாமல் போகலாம்.

சிறுநீர்ப்பை, சிறுநீரகப் புற்றுநோய்களின் முதல் அறிகுறி பல நேரம் வலியே இல்லாமல் சிறுநீரில் கலக்கும் ரத்தம். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தத்தையும் காட்டிக்கொடுப்பதற்கு எளிய கருவி ஒன்று இருக்கிறது: டிப்ஸ்டிக் எனப்படும் பட்டை. வண்ணச் சதுரங்கள் ஒட்டிய பிளாஸ்டிக் துண்டை சிறுநீரில் முக்கி எடுப்பார்கள். ரத்தத்தின் சிவப்புப் பொருளான ஹீமோகுளோபின், பட்டையில் உள்ள பெராக்சைடு வகைப் பொருளைத் தூண்டும். அது பக்கத்தில் இருக்கும் நிறமில்லாப் பொருளை நீலப்பச்சையாக மாற்றும். நிறம் வந்தால் ரத்தம் இருக்கிறது.

வைட்டமின் சி இந்த வினைக்கு நேர் எதிரி. நிறம் உருவாகும் முன்பே பெராக்சைடை அது தின்றுவிடும். கொரோனாக் காலத்திலிருந்து பலர் மிட்டாய் மாதிரி சப்பும் ஆரஞ்சு நிற மாத்திரையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. உடலின் ஒரு நாள் தேவை 100 மில்லிகிராமுக்கும் குறைவு. மிச்சம் எங்கே போகும் என்பது நமக்குத்தான் தெரியுமே. சிறுநீரில் வைட்டமின் சி நிறைந்திருக்கும்போது ரத்தம் இருந்தும் பட்டை "இல்லை" என்று சொல்லலாம். சர்க்கரை பார்க்கும் சதுரமும் இதேபோல ஏமாறும்.

இதை மீறப் புதுவகைப் பட்டைகள் வந்திருக்கின்றன. அயோடேட் பூசி வைட்டமின் சி-யை முதலிலேயே செயலிழக்கச் செய்வார்கள். நுண்ணோக்கியில் சிவப்பணுக்களை நேரடியாக எண்ணும் பரிசோதனையோ வைட்டமின் சி-க்கு மசியாது. பெரிதாக்கிய ஒரு பார்வைப் பரப்பில் மூன்று அல்லது அதற்கு மேல் சிவப்பணுக்கள் தெரிந்தால் அதைக் கவனிக்க வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் பொதுவான அளவு.

சேலத்தில் இதைப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதல் காரணம் புகைபிடித்தல். அடுத்ததாகச் சொல்லப்படுவது சில சாயத் தொழில்களில் புழங்கிய அரோமாட்டிக் அமின் என்ற வேதிப்பொருள்கள். ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களிடம் சிறுநீர்ப்பைக் கட்டிகள் வருவதை 1895-லேயே எழுதிவிட்டார். அந்தப் பழைய மூலப்பொருள்களில் பல இன்று தடை செய்யப்பட்டவை. இருந்தாலும் பல வருடம் சாய வேலை பார்த்தவர், பீடி குடிப்பவர் என்றால் "பட்டையில் ஒண்ணும் வரலை" என்பதோடு நிற்காமல் நுண்ணோக்கிப் பரிசோதனையும் கேட்டுக்கொள்வது நல்லது. அதேசமயம் தட்டுவடை செட் இரண்டு பிளேட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்தால் பதற வேண்டாம். அதில் வைக்கும் பீட்ரூட் சிலருக்கு அப்படிச் செய்யும்.

அடுத்தது முடி மாத்திரை. அதில் இருப்பது பயோட்டின், அதாவது வைட்டமின் பி7. நாளொன்றுக்கு 30 மைக்ரோகிராம் போதும். முடிக்கென்று விற்கும் மாத்திரையில் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும், அதாவது நூற்றறுபது மடங்குக்கும் மேலே, சிலதில் முந்நூறு மடங்குக்கும் மேலே. இதில் சிக்கல் எங்கே வருகிறது? பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கும் எதிர்பொருளில் (ஆன்டிபாடி) பயோட்டினை இணைத்திருக்கும். ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் பயோட்டினை விடாமல் பற்றிக்கொள்ளும் என்பதால் அந்த எதிர்பொருளைக் கருவிக்குள் நிறுத்துவதற்கு அது வசதி. மாத்திரையின் பயோட்டின் மாதிரியில் மிதந்தால், ஸ்ட்ரெப்டாவிடினில் உள்ள இடங்களையெல்லாம் அது அடைத்துக்கொள்ளும். எதிர்பொருள் ஹார்மோனைப் பிடித்தும் ஒட்ட இடமில்லாமல் கழுவிப் போய்விடும். கருவி குறைத்துக் காட்டும். வேறு அமைப்புள்ள பரிசோதனைகளில் இதே பயோட்டின் கூட்டிக் காட்டுவதும் உண்டு. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

இது பெரும்பாலும் ரத்தப் பரிசோதனைச் சிக்கல். ஆனால் எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனை சிறுநீரில் பார்க்கும் சில முறைகளையும் தொடும். கரு சரியாக உருவாகாமல் நஞ்சுத் திசு மட்டும் கட்டியாக வளரும் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்தை அகற்றிய பிறகு, மிச்சம் ஏதும் வளர்கிறதா என்று மாதக்கணக்கில் இந்த ஹார்மோனைத்தான் பின்தொடர்கிறார்கள். பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு முடி கொட்டுவதும் அதற்கு மாத்திரை வாங்குவதும் நம் பெண்களிடையே சகஜம். அந்த நேரத்தில் அளவு பொய்யாகக் குறைந்து காட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சுருக்கமாக: வைட்டமின் சி-யும் பயோட்டினும் இங்கே கட்டியை எதுவும் செய்வதில்லை. அளக்கும் வினையில் குறுக்கே நிற்கின்றன.

எந்த முறையில் அளக்கிறார்கள் என்பதும் முக்கியம்

ஒரே பெயரில் நடக்கும் பரிசோதனை எல்லா ஆய்வகத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. சாதாரணப் பாராசிட்டமால், மெட்டாநெஃப்ரின் அளக்கும் ஒரு வகைக் கருவியில் குழப்பம் செய்யும். மூலக்கூறுகளை அவற்றின் எடையை வைத்துப் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவியில் அந்தக் குழப்பம் இல்லை. ஆனால் எவ்வளவு நவீனக் கருவியாக இருந்தாலும் 5-எச்.டி.பி. விவகாரத்தை அதனால் தீர்க்க முடியாது. அங்கே கழிவு நிஜமாகவே சிறுநீரில் இருக்கிறது. கருவி சரியாகத்தான் அளக்கிறது, வந்த வழிதான் வேறு.

கேன் வாங்கும் நாளில்

24 மணி நேரச் சிறுநீர் என்றால் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வருவது எல்லாம் கேனுக்குள், மறுநாள் அதே நேரத்தில் போவது உட்பட. கேனில் ஏற்கெனவே அமிலம் ஊற்றிக் கொடுத்திருந்தால் கீழே கொட்டக்கூடாது, நேராக அதற்குள் போகவும் கூடாது. வேறு பாத்திரத்தில் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள். குளிர்ச்சியான இடத்தில், வெயில் படாமல் வையுங்கள். ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருபவர்கள் மூடியை இறுக்கி, கேனை நிமிர்த்தி வைத்துக் கொண்டுவாருங்கள். தோட்ட வேலையில் ஒருமுறை வெளியே போய்விட்டால் மறைக்காதீர்கள். ஆய்வகத்தில் சொல்லிவிட்டு மறுநாள் புதிதாகத் தொடங்கிவிடலாம்.

எதை எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் சொல்லட்டும். பயோட்டினுக்கும் உணவுப் பத்தியத்துக்கும் இரண்டு மூன்று நாள் போதுமென்பார்கள், கேஸ் மாத்திரைக்கு இரண்டு வாரம் வரை கேட்கலாம். ரத்த அழுத்தம், மனநலம், பார்க்கின்சன் மருந்துகளை நீங்களாக நிறுத்தவே கூடாது. அவை சில பரிசோதனைகளைக் குழப்பும் என்பது உண்மை. ஆனால் அதற்கு மருத்துவர் வேறு மருந்து மாற்றித் தருவார், இல்லையென்றால் வேறு பரிசோதனை தேர்ந்தெடுப்பார்.

மருத்துவரிடம் போகும்போது "சத்து மாத்திரை சாப்பிடறேங்க" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் பயனில்லை. டப்பாவையே எடுத்துப் போங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் பொருள்பட்டியலும் மில்லிகிராமும்தான் அவருக்கு வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்பதும் வேண்டும். புரோட்டீன் பொடி, ஜெல்லி மாதிரி மெல்லும் வைட்டமின் மிட்டாய், வெளிநாட்டிலிருந்து மச்சான் வாங்கி வந்த தூக்க மாத்திரை எல்லாம் இதில் சேர்த்தி. நாட்டு மருந்துப் பொடியின் பொட்டலத்தில் பெயர்கூட இருக்காது. வாங்கிய கடைக்கே போய் என்னென்ன மூலிகை கலந்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.